குரூசர் கப்பலின் கதவு

இன்று பேட்டையில் என் பட்டறையின் இரும்புக் கதவை யாரோ மூன்று முறை தட்டினார்கள். சுத்தியலைப் போட்டுவிட்டு ஓடினேன்.

சேரன்மகாதேவியில் எனக்கு எட்டு வயதிருக்கும்போது, குளியலறைத் தகரக் கதவின் தாழ் சிக்கிக்கொண்டது. கத்தக் கூச்சப்பட்டு மூன்று முறை தட்டினேன். அப்பா கடப்பாரையோடு வந்து கதவையே பெயர்த்துவிட்டார்.

“வாயத் தொறந்து கூப்புட வேண்டியதானலே! எதுக்குத் தட்டுத?”

“நல்ல கதவ ஒடச்சிட்டு பிள்ளைய ஏசுதீயளா?” என்றாள் அம்மா.

அப்பா ஈரத் தரையிலேயே உட்கார்ந்தார். போர் நடந்தபோது அவர் கடற்படையில், இலகுரகக் குரூசர் என்னும் போர்க்கப்பலில் வேலை பார்த்தவர்.

“வேகமா ஓடணும்னு அதுக்குக் கவசம் மெலிசுலே. ஓட்டை விழுந்தாலும் முங்கிரக் கூடாதுன்னு உள்ள நெறைய அறை. சண்டைன்னா அம்புட்டுக் கதவையும் அடச்சிரணும். என் கூட்டாளி கொதிகலன் அறைக்குள்ள இருந்தான். சூடு தாங்காம மூணு தட்டு தட்டுனான். வெளிய நின்ன நான் உத்தரவு இல்லாம தொறக்கல.”

“செத்துட்டாராப்பா?” என்று கேட்டேன்.

“இல்லலே. குண்டே விழல. தொறந்ததும் நடந்துதான் வெளிய வந்தான். அதுக்கப்புறம் எங்கிட்டப் பேசவே இல்ல.”

பட்டறை வாசலில் வாடிக்கையாளர் ஒருவர் திகைத்து நின்றார். “தொறந்து கெடக்க கதவத்தான தட்டுனேன், எதுக்கு அண்ணாச்சி இப்படி ஓடி வாரீய?”