குருவி ஓட்டிய கல்யாண சிடி

விருத்தாசலத்தில் ஒரு செராமிக் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். புதிதாக வாங்கிய லேப்டாப்பில் சிடி போட இடமே இல்லை. இனி எதற்கு என்று வீட்டிலிருந்த சிடிகளையெல்லாம் பழைய இரும்புக் கடையில் போட்டுவிட்டேன். மனைவியிடம் கேட்கவில்லை.

மறுவாரம் அவள் பீரோவைக் குடைந்தாள். "நம்ம கல்யாண சிடி எங்கங்க? எங்கப்பா பேசுறது அதுல மட்டுந்தான் இருக்குது."

மாமனார் இறந்து ஆறு வருடமாகிறது.

கடைக்கு ஓடினேன். கம்பங்கொல்லையில் குருவி ஓட்டுவதற்காக, பெண்ணாடத்து விவசாயி ஒருவர் அவற்றை வாங்கிப் போயிருந்தார். விசாரித்துக்கொண்டு போனேன். கொல்லையில் கயிறு நெடுக சிடிகள் வெயிலில் மின்னின. விஷயத்தைச் சொன்னதும் அவர் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்து, எங்கள் பெயர் இருந்ததை அவிழ்த்து வேட்டியில் துடைத்துக் கொடுத்தார்.

"எங்கம்மா குரலு எங்கிட்ட இல்லீங்க. பத்தரமா எடுத்துட்டுப் போங்க" என்றார்.

கீறல் விழுந்தது போக மூன்று நிமிடத்தைத்தான் ஸ்டூடியோக்காரரால் மீட்க முடிந்தது. அதில் மாமனார் பந்தியில் நின்று, "எல்லாரும் சாப்ட்டுட்டுத்தான் போவணும்" என்கிறார். மனைவி என்னைத் திட்டவில்லை. திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டாள்.

இப்போதெல்லாம் ஒரு பழைய வயரைத் தூக்கிப் போடுவதானாலும் அவளிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்கிறேன்.