எல்லாம் பேதி மருந்துதானே என்று நினைத்தேன்

என் கணவருக்கு ஈரல் கெட்டுவிட்டது. புத்தி தடுமாறாமல் இருக்க டாக்டர் ஒரு இனிப்பு சிரப் கொடுத்திருந்தார். குடித்தால் வயிறு உப்புகிறது என்றார் இவர். எல்லாம் பேதி மருந்துதானே என்று நானே அதை நிறுத்தி, இசப்கோல் கலந்து கொடுத்தேன். வெளிக்கும் நன்றாகத்தான் போனது.

ஒரு நாள் காலை சமையல்கட்டில் என்னிடம் சில்லறையை நீட்டினார்.

"மாங்காடு ஒண்ணு குடும்மா."

"இன்னாய்யா, நான் கண்டக்டரா?" என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. கை உதறியது. உடனே ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன்.

"வயிறு போனா மட்டும் போதாதும்மா. ரத்தத்துல ஏறுற விஷத்தையும் இறக்கணும். அதுக்குத்தான் அந்த சிரப்," என்றார் டாக்டர்.

மறுபடி சிரப் கொடுத்ததும் இவர் தெளிந்துவிட்டார். இப்போது எந்த மருந்தையும் நானாக மாற்றுவதில்லை. சிரப்பைப் பார்த்து இன்னும் முகம் சுளிக்கிறார். குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நிற்கிறேன்.