பதினைந்தாம் தேதி ஆட்டம்

ஜெயப்பிரியா சாயல்குடிப் பக்கம் மிளகாய் போடும் பொன்னுச்சாமியின் மகள். அவள் தங்கச்சிமடத்தில் வாடகைக்குக் குடியிருக்க ஒரே காரணம் ஆஸ்லின். மதுரையில் இருவரும் ஒரே கல்லூரி, ஒரே கூடைப்பந்து அணி. படிப்பு முடிந்ததும், "எங்க ஊர்ப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் குடுப்போம், வாடி" என்று ஆஸ்லின் கூப்பிட, இவளும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். நான்கு வருடம் சர்ச் பக்கத்து மைதானத்தில் இரண்டு பேருமாகப் பயிற்சி நடத்தினார்கள். போன தை மாதம் ஆஸ்லினுக்குக் கல்யாணமாகி மஸ்கட் போய்விட்டாள்.

ஊர் ஆஸ்லினுடையது. சொந்தபந்தம் ஆஸ்லினுடையது. மிச்சம் நின்றது ஜெயப்பிரியாவும் ஏழு பந்துகளும்தான். ஊருக்கே திரும்பியிருக்கலாம். ஆனால் அவளுக்கு வீம்பு. ஆஸ்லின் இல்லாமல் தன் பேச்சுக்குப் பெண் பிள்ளைகளை வெளியூர் அனுப்புவார்களா, பார்த்துவிடலாம். அனுப்பாவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான் என்று முடிவு கட்டியிருந்தாள்.

ராமநாதபுரத்தில் ஒரு போட்டி. அணியின் எட்டுப் பிள்ளைகளுக்கும் அதுதான் முதல் வெளியூர் ஆட்டம். ஜூன் பதினைந்து என்று நடத்துகிறவர் சொல்ல, சரி என்றுவிட்டாள். ஆஸ்லினாக இருந்தால் வீடு வீடாகப் போய்க் கேட்டிருப்பாள். இவள் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டாள். ஒருவரும் பதில் சொல்லவில்லை. சம்மதம்தான் என்று எடுத்துக்கொண்டாள். மிஸ் மனசு நோகுமே என்று எல்லாரும் வாயை மூடிக்கொண்டிருந்தார்கள் என்பது அவளுக்கு எங்கே தெரியும்!

அன்று காலை ஆறரைக்குப் பஸ் ஸ்டாப்பில் அவள் மட்டும் நின்றாள். இரண்டு பஸ் போனது. போனை யாரும் எடுக்கவில்லை. வீடுகள் பூட்டிக் கிடந்தன. கடைசியில் கடற்கரைக்குப் போனாள்.

ஊரே அங்கே நின்றது. மீன்பிடித் தடைக்காலம் முடிந்து படகுகள் புறப்படுகின்றன. ஃபாதர் ஒவ்வொரு படகுக்கும் தீர்த்தம் தெளித்துக்கொண்டிருந்தார். அவளுடைய எட்டுப் பிள்ளைகளும் அவரவர் அப்பாவைப் பார்த்துக் கை காட்டிக்கொண்டு நின்றார்கள். மூன்று பேர் ஜெர்சியைப் போட்டிருந்தார்கள்.

அணித் தலைவியின் அம்மா ஜோதிமேரிதான் முதலில் இவளைப் பார்த்தாள்.

"மிஸ், கோவிச்சுக்காதீக. அறுவத்தொரு நாள் கழிச்சு இன்னைக்குத்தான் போட்டெல்லாம் கடலுக்குப் போகுது. அப்பன் போறப்ப பிள்ளைக கரையில நிக்க வேணாமா?"

"யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லக்கா?"

"தெரிஞ்சுதான் தேதி குறிச்சிருக்கீகன்னு நெனச்சோம், எப்படி மறுத்துச் சொல்ல? நாலு வருசமா இங்கனதான இருக்கீக."

போன வருடம் வரை கோடை லீவுக்கு ஊருக்குப் போய், ஜூன் கடைசியில் திரும்பியவள் அவள். தடைக்காலம் என்றால் அவளுக்கு மீன் விலை ஏறும் மாதங்கள், அவ்வளவுதான். யார் மேலும் தப்பு இல்லை. கோபப்பட ஒரு ஆள் இருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

"இருங்க மிஸ், வீட்டுல சாப்பிட்டுப் போகலாம்" என்றாள் ஜோதிமேரி.

"இல்லக்கா, போய்ட்டு வாரேன்" என்று ஜெயப்பிரியா தனியாகவே ராமநாதபுரம் பஸ் ஏறினாள்.

அணி வராவிட்டால் இருபதுக்குப் பூஜ்யம் தோல்வி. போட்டியை நடத்தும் வினோத்குமார் தாளை நீட்ட, பயிற்சியாளர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டாள்.

"அடுத்த மாசம் இன்னொரு போட்டி இருக்கு மேடம். தேதி சொல்லவா?"

"வீடு வீடாப் போயிக் கேட்டுட்டுச் சொல்றேன் சார்."

அவர் நல்ல மனிதர். அவளைப் பார்க்கப் பாவமாக இருந்திருக்க வேண்டும்.

"போன்ல சொல்லியிருந்தா போதுமே மேடம். ஒரு கையெழுத்துக்காகவா இம்புட்டுத் தூரம் வந்தீங்க?"

"இன்னைக்குக் கடக்கரையில எல்லாருக்கும் கை காட்ட ஒரு ஆளு இருக்கு சார்" என்றாள் ஜெயப்பிரியா. "என்னாலதான் அங்கன நிக்க முடியல."