பொன்னாடையும் ஒரு சிக்னலும்

எம்.பி. ஐயா, என்னை ஊருக்குள் பொய்யன் ஆக்கியது நீங்கள்தான்.

வோட்டுக்கு ஆள் பிடித்துக் கொடுப்பது சம்பளமில்லாத தொழில். திட்டு மட்டும் ஒழுங்காகக் கிடைக்கும். வாக்குச்சாவடியில் நோட்டீஸ் நீட்டிக் கை உளைந்த ஆட்களுக்கு இது விளங்கும். நான் மரக்கறிக் கடைக்காரன், பேரம் பேசியே முன்னுக்கு வந்தவன். நாங்கள் புலம்பெயர்ந்து வந்திருக்கிற கிரவீனில் எங்கள் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி வாசலில் பிள்ளைகள் றோட்டைக் கடக்க ஒரு சிக்னல் வேணும். வோட்டு என் பொறுப்பு, சிக்னல் மாநில எம்.பி.யான ஐயாவின் பொறுப்பு. கை கொடுத்துத்தான் பேரத்தை முடித்தோம்.

விளக்கேற்றம்

ஐயா பள்ளி விழாவுக்கு வந்தார். பொன்னாடை போர்த்தி, குத்துவிளக்கு ஏற்ற மெழுகுதிரியைக் கொடுத்தோம். ஒரு திரியைக் கொளுத்தியதும், பிறந்தநாள் கேக் மாதிரி மெழுகுதிரியை ஊதி அணைத்துவிட்டார். அடுத்து ஏற்ற நின்ற பள்ளி அதிபர் யோகா அக்கா முழிக்கிறா. "சிக்னல் அடுத்த வருசம்" என்று மேடையில் அறிவித்தார். நான்தான் பலமாகக் கைதட்டினேன். அக்கா என் காதுக்குள் சொன்னா: "தம்பி, இந்தாள் கொளுத்துறதை விட அணைக்கிறதில கெட்டிக்காரன்."

சொசேஜ் வாசம்

அதற்குப் பிறகும் எத்தனை தேர்தல்! ஒவ்வொரு முறையும் "சிக்னல் வருது" என்று சொல்லித்தான் ஊரிடம் வோட்டுக் கேட்டேன், சிக்னல் மட்டும் வரவில்லை. இந்த நாட்டு வழக்கப்படி வாக்குச்சாவடி வாசலில் இறைச்சிச் சொசேஜும் வெங்காயமும் பொரிகிற புகைக்குள் நிற்பேன். எதிர்க்கட்சிக்கு நோட்டீஸ் கொடுப்பவர் காதர் பாய், தமிழ்நாட்டுக்காரர். போன முறை, "உங்கட ஆள் எங்களுக்கு என்னத்தைக் கிழிச்சவர்?" என்று அவர்மேல் பாய்ந்தேன். மனுசன் பிளாஸ்கில் இருந்து தேத்தண்ணி ஊற்றி நீட்டினார். "குடிங்கண்ணே. எங்க ஆளும் அதே சிக்னலைத்தான் தர்றேங்கிறாரு. ரெண்டு பேரும் சொன்னதைச் செஞ்சா உங்க ரோட்டுல தீபாவளிதான்."

பிரியாவிடை

இப்போது ஐயா ஓய்வு பெறுகிறாராம். விருந்துக்குப் பொன்னாடை வாங்கி யோகா அக்காவிடம் கொடுத்திருந்தேன். போன சனிக்கிழமை ஒரு கார் எங்கள் பிள்ளை ஒன்றின் புத்தகப் பையைத் தட்டி இழுத்துக்கொண்டு போனது. பிள்ளை தப்பியது அருந்தப்பு.

நான் ஓடிப்போய்ப் பார்க்கிறேன், அக்கா நடுறோட்டில் நிற்கிறா. அந்தச் சிவப்புப் பொன்னாடையை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்திருக்கிறா. இரண்டு பக்கமும் கார்கள் நிற்கின்றன, பிள்ளைகள் கடக்கிறார்கள். "அக்கா, அது எம்.பி.க்கு வாங்கினதெல்லோ!" என்று கத்தினேன். அவ திரும்பியும் பார்க்கவில்லை. "இஞ்சதான் தம்பி இதுக்கு வேலை இருக்கு."

ஆகவே ஐயா, கதிரையை விட்டு எழும்ப முதல் அந்தச் சிக்னலைப் போட்டுவிட்டு, நடுறோட்டுக்கு வந்து அக்காவின் கையால் உங்கள் பொன்னாடையை வாங்கிக்கொண்டு போங்கோ.