நட்டுக்கு அளவெடுத்த மாஸ்டர்

சத்தியநாதன் தம் ஐம்பத்தோரு வருட வாழ்க்கையில் ஒரு குழாயைக்கூடக் கையால் கழற்றியதில்லை. ஆம்பூரில் அவருடைய சொந்த வீட்டுச் சமையலறைக் குழாய் மூன்று வருடமாக ஒழுகிக்கொண்டிருந்தது. நர்ஸ் வேலை பார்த்த அவர் மனைவி ஜெயபுஷ்பம் அதற்குப் பேண்டேஜ் துணி சுற்றி, வாரத்துக்கு ஒருமுறை கட்டு மாற்றிவந்தார். குழாய் ரிப்பேருக்குப் புதிதாக ஒரு கருவியை வடிவமைக்க இதைவிடப் பெரிய தகுதி தேவையில்லை என்பது 1999ஆம் வருடம் நிரூபணமானது.

அவர் தொழில் ஷூவுக்குப் பேட்டர்ன் வெட்டுவது. ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் நடுவே, நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு ஷூ கம்பெனியில் இருபத்திரண்டு வருடமாக அவர்தான் பேட்டர்ன் மாஸ்டர். கால் வடிவில் செய்த மரக்கட்டையின் மேல் காகித டேப்பை ஒட்டி, பென்சிலால் கோடு போட்டு, பிளேடால் கீறி உரித்து, அட்டையில் பரப்பினால் ஷூவின் மேல்பாகத்துக்கு அளவு கிடைத்துவிடும். இந்த ஒரு வித்தை அவருக்கு நன்றாகவே தெரியும். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஒரு வித்தை நன்றாகத் தெரிந்தவருக்கு மற்றதெல்லாம் அதற்குள் அடக்கம் என்று தோன்றிவிடுகிறது. கேன்டீன் சாம்பார் தண்ணியாக இருந்தாலும், சர்ச் சபைத் தேர்தலில் அவருடைய மச்சான் தோற்றாலும், "பேட்டர்ன் தப்புப்பா" என்பதுதான் சத்தியநாதன் சொல்லும் காரணம். இருபத்திரண்டு வருடமாக யாரும் மறுத்துப் பேசவில்லை. அவருக்கு அது ஒப்புதலாகப் பட்டது. மற்றவர்களுக்கு அது டீயை நிம்மதியாகக் குடித்து முடிப்பதற்கான வழியாக இருந்தது.

அந்த வருடம் மே மாதக் கடைசியில், முதல் மாடியில் இருந்த பெண்கள் கழிப்பறையில் ஒரு நட்டு கசிந்தது. நாலு கழிப்பறைக்கும் தண்ணீர் கொண்டுபோகிற குழாயில், சுவருக்குள் இருந்த நட்டு அது. சொட்டுச் சொட்டாக இறங்கிய தண்ணீர் கீழ்த்தளத்தில் அடுக்கியிருந்த ஷூ பெட்டிகளை நனைத்தது. பெட்டி நனைந்த அன்றே முதலாளி அப்துல் வஹாப் மாடிக்கு வரும் தண்ணீரை அடைக்கச் சொல்லி, கழிப்பறையைப் பூட்டிவிட்டார். மாடியில் தையல் பிரிவிலும் செக்கிங்கிலும் இருந்த நூற்று எண்பது பெண்களைப் பற்றி அன்று எதுவும் பேசப்படவில்லை. அவர்கள் நனைகிற பொருள் இல்லை.

குடியாத்தத்திலிருந்து பஸ்ஸில் வரும் பிளம்பர் அருணகிரி, சுவரில் விட்டிருந்த ஓட்டைக்குள் கையை விட்டுப் பார்த்தார். நாலு விரல் அகல ஓட்டை. கை போனது, கையோடு ஸ்பானர் போகவில்லை.

"நாலு டைல்ஸு உடைச்சா அரை மணி நேர வேலை முதலாளி," என்றார்.

"டைல்ஸ் உடைக்கக் கூடாது."

"வேற ஒட்டிக்கலாமே."

"அந்தக் கலர் இப்ப வர்றதில்ல. பையரு போட்டோ எடுத்து ஃபைல்ல வெச்சிருக்கான். டிசம்பர்ல வந்து பாப்பான்."

ஜெர்மனியிலிருந்து சரக்கு வாங்குகிறவர் பெண்கள் கழிப்பறையைப் படம் பிடித்துப் போயிருந்தார். ஆகவே படத்தில் இருப்பது மாறாமல் இருக்க வேண்டும், கழிப்பறை பூட்டியிருக்கலாம். அருணகிரி கையைத் துடைத்துக்கொண்டார். அவர் பையை எடுத்துக்கொண்டு கிளம்பும்போதுதான் பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த சத்தியநாதன் டம்ளரைக் கீழே வைத்தார்.

"முதலாளி, சுவத்துக்கு ஒண்ணும் ஆவாது. அந்த நட்டுக்கு ஏத்த மாதிரி ஒரு டூல் நான் டிசைன் பண்றேன்."

"எத்தனை நாள் ஆவும்?"

"ஒரு ஷூ டெவலப் பண்ற டைம்தான்."

ஒரு புது மாடல் ஷூ தயாராக ஆறு மாதம் ஆகும் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். முதலாளி தலையாட்டினார்.

இங்கே அன்வரி பேகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். கண்டுபிடிப்புகளின் வரலாற்றில் இப்படிப்பட்டவர்களைச் சொல்வது வழக்கமில்லை. அவர் செக்கிங் மேஜையில் நின்று, தைத்து வரும் மேல்பாகங்களில் நூல் விட்டிருக்கிறதா என்று பார்ப்பவர். வயது நாற்பத்தெட்டு. எட்டு வருடமாகச் சர்க்கரை. சர்க்கரைக்காரருக்கு நினைத்தபோது போக வேண்டும், அதைத் தள்ளிப்போட முடியாது. மாடிக் கழிப்பறை பூட்டியதும் அவர் படியிறங்கி, முற்றத்தைக் கடந்து, கேன்டீனுக்குப் பின்னால் இருந்த ஒற்றைக் கழிப்பறைக்கு வரிசையில் நிற்க வேண்டியிருந்தது. போய்வரக் கால் மணி நேரம். ஒரு நாளைக்கு ஏழு எட்டு தடவை. வீட்டில் சம்பளம் கொண்டுவருவது அவர் ஒருவர்தான்.

சூப்பர்வைசர் குர்ஷித் மரியாதை தெரிந்தவர். மிரட்டும்போதும் அக்கா என்ற அர்த்தத்தில் ஆபா என்றுதான் கூப்பிடுவார்.

"ஆபா, இது இன்னிக்கி ஆறாவது."

"தெரியும் பாய். நானும்தான் எண்ணறேன்."

"நாலுக்கு மேல போனா செக்கிங்ல வெக்க முடியாது. மேல சொல்லிட்டாங்க. வேற ஆளு போடச் சொல்றாங்க."

"டூலு வர்ற வரைக்கும் பொறுத்துக்கச் சொல்லுங்க பாய்."

இப்படித்தான் ஒரு நட்டும், அதைக் கழற்றப்போகிற கருவியும், அதைச் செய்யப்போகிற மகானும் அன்வரி பேகத்தின் வேலையைத் தாங்கிப் பிடிக்கும் பொறுப்புக்கு வந்தார்கள். நட்டு மட்டும் தன் பங்கை ஒழுங்காகச் செய்தது. இருந்த இடத்தைவிட்டு நகரவில்லை.

சத்தியநாதன் பஜாரிலிருந்து அதே போன்ற நட்டு ஒன்று வாங்கி வந்தார். அதை மேஜை மேல் வைத்து மூன்று நாள் பார்த்தார். நாலாம் நாள் அதன் மேல் காகித டேப்பை ஒட்டினார். பென்சிலால் கோடு போட்டார். கீறி உரித்து அட்டையில் பரப்பினார். ஆறு பக்கமுள்ள ஓர் இரும்புத் துண்டுக்குக் கால் அளவு எடுத்த முதல் மனிதர் அவராகத்தான் இருக்க வேண்டும். மரத்தில் அந்த நட்டைப் போலவே ஒரு கட்டையும் செய்யச் சொன்னார். நிஜ நட்டு கைவசம் இருக்கும்போது எதற்கு மரத்தில் ஒன்று என்று தச்சர் கேட்டதற்கு, "கட்டை இல்லாம ஃபிட்டிங் பாக்குறது எங்க லைன்ல கெடையாது," என்று பதில் வந்தது.

ஜூலையில் வாணியம்பாடி லேத் பட்டறைக்கு வரைபடம் போனது. பட்டறைக்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சார், ரெண்டு படம் இருக்குது."

"ஆமா. ஒண்ணு லெஃப்ட், ஒண்ணு ரைட்."

"நட்டு ஒண்ணுதானே சார்."

"ஒத்தக் காலுக்கு யாராவது ஷூ போடுவாங்களாய்யா?"

பட்டறைக்காரர் அதற்குப் பிறகு கேள்வி கேட்பதை விட்டுவிட்டார். எந்தத் தொழிலிலும் நெடுநாள் நீடிக்கிறவர்கள் இப்படித்தான் நீடிக்கிறார்கள்.

ஆகஸ்டில் முதல் ஜோடி வந்தது. கைப்பிடிக்கு இரும்பு போதாது என்று சத்தியநாதனுக்குத் தோன்றியதால் மெரூன் நிற ஆட்டுத்தோல் சுற்றி, உள்ளே மெல்லிய பஞ்சு வைத்து, அங்குலத்துக்குப் பன்னிரண்டு தையல் போட்டுக் கொடுத்தார்கள். அதைத் தைத்த பெண் இரண்டு முறை கீழே போய் வரிசையில் நின்றுவிட்டு வந்துதான் தைத்து முடித்தாள். பார்க்க மிக அழகாக இருந்தது. கல்யாணத்துக்குப் பரிசாகக் கொடுக்கலாம்.

அன்வரி பேகம் ஒவ்வொரு திங்கட்கிழமையும் சத்தியநாதன் வேலை செய்யும் சாம்பிள் ரூம் வாசலில் நின்று கேட்பார்.

"மாஸ்டர், டூலு வந்துச்சா?"

"சாம்பிள் வந்துருச்சும்மா. சைஸ் செட்டு வரணும்."

"அங்க ஒரு நட்டுதானே இருக்குது. செட்டு எதுக்கு?"

"உனக்குப் புரியாது. நாளைக்கி வேற சைஸு நட்டு வந்தா இன்னா பண்ணுவ?"

"நாளைக்கி நான் இருக்கணுமே மாஸ்டர்."

சாம்பிள் ரூமை ஒட்டி ஒரு கழிப்பறை உண்டு. வெளிநாட்டார் வந்தால் பயன்படுத்த. சாவி சத்தியநாதனிடம் இருந்தது. செக்கிங் மேஜையிலிருந்து இருபது அடி. ஒரு திங்கட்கிழமை அன்வரி பேகம் அந்தச் சாவியைக் கேட்டார்.

"அது பையர் டாய்லெட்டுமா. ரூல்ஸ் இருக்குது."

"நீங்க போறீங்களே."

"நான் அங்க உக்காந்துதான் டூலைப் பத்தி யோசிக்கிறேன். உங்களுக்காகத்தான்."

அன்வரி பேகம் மேஜைக்குத் திரும்பிப் போனார். அந்த வாரத்திலிருந்து காலையில் வீட்டைவிட்டுக் கிளம்பினால் சாயங்காலம் வரை தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டார். எண்ணிக்கை நாலாகக் குறைந்தது. குர்ஷித் மெச்சினார். செப்டம்பர் இரண்டாம் வாரம் அன்வரி பேகம் மேஜைப் பக்கத்திலேயே மயங்கி விழுந்தார். மேலும் ஒருமுறை விழுந்தால் உடம்பு சரியில்லாதவர் என்று எழுதி அனுப்பிவிட வேண்டியிருக்கும் என்றார்கள். சத்தியநாதன் செய்தி கேட்டு மிகவும் வருந்தினார். வருத்தத்தில் கைப்பிடித் தோலின் நிறத்தைக் கறுப்பாக மாற்றலாமா என்று ஒரு வாரம் யோசித்தார்.

நவம்பர் கடைசியில் பன்னிரண்டு கருவிகளும் தயாராயின. ஆறு சைஸ், இடம் வலம். ஒவ்வொரு ஜோடியும் டிஷ்யூ பேப்பர் சுற்றி, தனித்தனி ஷூ பெட்டியில். பெயரும் வைத்தாயிற்று: சத்யா கீ. செயல்முறை விளக்கத்துக்கு நாள் குறித்து, பெண்கள் கழிப்பறையைத் திறந்து கூட்டித் துடைத்தார்கள். முதலாளி, குர்ஷித், அருணகிரி மூவரும் உள்ளே நின்றார்கள். பெண்கள் சார்பில் யாராவது இருக்கட்டும் என்று அன்வரி பேகத்தையும் கூப்பிட்டார்கள். சத்தியநாதன் சிறிய ஜெபம் ஒன்று செய்தார். பிறகு பெரிய உரை ஒன்று ஆற்றினார். அன்வரி பேகம் ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறி மாறி நின்றார்.

உரை முடிந்து, வலது கருவியை எடுத்து ஓட்டைக்குள் விட்டார் சத்தியநாதன். கருவி வாசலிலேயே நின்றுவிட்டது. இடதை எடுத்தார். அதுவும் நின்றது. அடுத்த சைஸ், அதற்கடுத்த சைஸ் என்று இறங்கினார். கடைசியில் மிகச் சிறியது உள்ளே போனது. ஆனால் அதன் வாய் நட்டைப் பிடிக்கும் அளவுக்கு இல்லை. நட்டைப் பிடிக்கிறவை ஓட்டைக்குள் போகாது, ஓட்டைக்குள் போகிறது நட்டைப் பிடிக்காது.

பிழை எங்கே என்று அறிஞர்கள் அலைய வேண்டாம். ஷூ செய்கிறவர் உள்ளே இருக்கும் காலை மட்டும்தான் அளப்பார். ஷூவுக்கு வெளியே இருப்பது உலகம், அது தாராளமாக இடம் விடும். சத்தியநாதன் ஆறு மாதமும் நட்டை அளந்தார், கட்டையை அளந்தார், கைப்பிடித் தையலை அளந்தார். நட்டைச் சுற்றி ஒரு சுவர் இருப்பதை அளக்கவில்லை. அந்தச் சுவரால்தான் கருவியே தேவைப்பட்டது என்பதும் அவர் நினைவில் இல்லை.

"இன்னா சத்யா, உள்ள போவலையே," என்றார் முதலாளி.

"ஃபிட்டிங் பர்ஃபெக்ட் முதலாளி. ஓட்டைதான் டைட்டு."

"ஓட்டை டைட்டுன்னுதானே டூலே."

"ஒரு மூணு மாசம் குடுங்க. மாடல் ரெண்டு பண்ணிடறேன்."

முதலாளி டைல்ஸைப் பார்த்தார். டிசம்பரை நினைத்தார். "சரி, மூணு மாசம்தானே," என்று வாயைத் திறந்தார்.

அன்வரி பேகம் குனிந்து, நாற்பத்தொன்றாம் சைஸ் என்று அச்சிட்டிருந்த ஷூ பெட்டியிலிருந்து வலது கருவியை எடுத்தார். நல்ல கனம். தோல் சுற்றியிருந்ததால் கைக்கு இதமாக இருந்தது. ஓட்டைக்குப் பக்கத்து டைல்ஸில் ஓங்கி ஒன்று போட்டார். இரண்டாவது அடியில் விரிசல். நாலாவது அடியில் இரண்டு டைல்ஸ் சில்லுச் சில்லாக விழுந்தன. மற்ற இரண்டும் ஆறாவதில் விழுந்தன. உள்ளே குழாய் முழுசாகத் தெரிந்தது.

"அருணகிரி, இப்ப ஸ்பானர் போவுதா பாருப்பா."

"போவுதும்மா," என்றார் அருணகிரி. அதற்குள் பையைத் திறந்துவிட்டிருந்தார்.

"ஆபா, இன்னா பண்ணிட்டீங்க," என்றார் குர்ஷித், முதலாளியைப் பார்த்தபடி.

முதலாளி அன்வரி பேகத்தைப் பார்க்கவில்லை. சத்தியநாதனைப் பார்த்தார். "சத்யா, உன் டூலு வேலை செய்யல. இந்தம்மா செவுத்த உடைச்சிருச்சு. இதுக்கு யாரு ஜவாப்?"

அந்த நிமிடம் அன்வரி பேகத்தின் வேலை சத்தியநாதனின் நாக்கில் தொங்கியது. அவருக்கு இரக்கம் வந்ததாகச் சொல்ல ஓர் அடையாளமும் இல்லை. வந்தது இதுதான்: இந்தம்மா செய்தது குற்றம் என்றால் கருவி தோற்றது. இந்தம்மா செய்தது சரி என்றால் கருவி ஜெயித்தது.

"வேலை செஞ்சிருச்சு முதலாளி," என்றார். "ரெண்டு ஸ்டேஜு. மொதல்ல எடத்தத் தொறக்கணும், அப்புறம் நட்டத் தொறக்கணும். மொத ஸ்டேஜுக்கு அன்வரிம்மாவுக்கு நான்தான் ட்ரெயினிங் குடுத்தேன்."

"அப்ப டைல்ஸு?"

"அது டூலோட ரிசல்ட்டு."

முதலாளி உடைந்த சில்லுகளைக் காலால் ஒதுக்கினார். உடைந்த சுவர் உள்ள கம்பெனியைவிட, கண்டுபிடிப்பு நடந்த கம்பெனி என்று சொல்லிக்கொள்வது கௌரவமாக இருந்தது. "பையருக்குக் காட்டலாமா இத?" என்று கேட்டார்.

"காட்டணும் முதலாளி. இங்க்லீஷ்ல எழுதியே குடுத்துடறேன்."

குர்ஷித்தும், அன்வரி ஆபாவுக்குப் பயிற்சி கொடுத்ததைத் தான் முன்பே கவனித்திருந்ததாகச் சொன்னார். இவர்கள் பேசி முடிப்பதற்குள் அருணகிரி தம் பழைய ஸ்பானரால் நட்டைக் கழற்றி, வாஷரை மாற்றி, முறுக்கி, வெளியே போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டுத் திரும்பி வந்தார். இருபத்தைந்து நிமிடம். நாலு தொட்டிகளிலும் தண்ணீர் ஏறுகிற சத்தம் கேட்டது.

"மாஸ்டர், ட்ரெயினிங் முடிஞ்சுதா?" என்று கேட்டார் அன்வரி பேகம்.

"முடிஞ்சுதும்மா. நல்லா பண்ண."

"அப்ப எல்லாரும் வெளிய போங்க. இது லேடீஸ் டாய்லெட்டு."

அது வரை நாலு ஆண்களுக்கும் அந்த விஷயம் உறைக்கவில்லை. முதலாளி முதலில் போனார், குர்ஷித் அவர் பின்னால். அருணகிரி பையை மூடிக்கொண்டு நடந்தார். இடதும் வலதும் ஜோடி மாறாமல் பெட்டிகளில் வைக்க வேண்டியிருந்ததால் சத்தியநாதன் கடைசியாக வந்தார். ஆறு பெட்டிகளையும் முகவாய் வரை அடுக்கிக்கொண்டு அவர் வாசலைத் தாண்டியபோது உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது. வெளியே நடையில் எண்பது பெண்கள் வரிசையில் நின்றிருந்தார்கள். விலகினால் இடம் போய்விடும் என்று ஒருத்தியும் நகரவில்லை. சத்தியநாதன் முதுகைச் சுவரில் தேய்த்துக்கொண்டு, மூச்சை உள்ளிழுத்து, ஒருக்களித்தபடி அங்குலம் அங்குலமாகச் சாம்பிள் ரூமுக்குப் போய்ச் சேர்ந்தார்.