பெரட்டு மணிக்குப் பேர் கொடுத்தவன்

தெங்கேராக் கடற்கரையிலிருந்து மீன் கொண்டுவரும் பாய் கடை வாசலில் சைக்கிளை நிறுத்தினார். கூடையை இறக்கவில்லை. "மொதலாளி, ஒங்க கூட்டாளி வாத்தியாரு ஆஸ்பத்திரியில மௌத்தாயிட்டாராம்" என்றார். வெங்காய மூட்டையைப் பிரித்துக்கொண்டிருந்த நான், இறந்தது எந்த வாத்தியார் என்று கேட்டேன். எனக்கு இருந்தது ஒரே வாத்தியார் கூட்டாளி. அது பாய்க்கும் தெரியும்.

நம் சபை வாலிபர்களுக்கு அவன் மாசிலாமணி வாத்தியார். எனக்கு மாசிலா. மிஷன் விடுதியில் பக்கத்துப் பக்கத்துப் பாயில் படுத்துப் படித்தவர்கள் நாங்கள். இருவரும் வேறு வேறு தோட்டத்துப் பிள்ளைகள். எங்கள் வீடுகளில் எங்களைத் தவிர வேறு கிறிஸ்தவர் கிடையாது. விடுதியில் இருக்கும்வரை ஜெபமும் பாட்டும் தானாக நடக்கும். ஆண்டுக் கடைசி லீவு வந்தால்தான் கஷ்டம். தோட்டத்து லயத்து வீட்டில் பைபிளைத் திறந்தால், "டேய், பாதிரியாரு எந்திரிச்சிட்டாரு, காணிக்கை எடுத்து வைங்கடா" என்று சித்தப்பாமார் கேலி செய்வார்கள். இரண்டு வாரத்தில் புத்தகம் பெட்டிக்குள் போய்விடும்.

அதற்கு மாசிலாதான் ஒரு வழி கண்டுபிடித்தான். "விடியுமுன்ன பெரட்டு மணி அடிச்சு, கங்காணி ஆளுங்க பேரைக் கூப்பிடுவாருல்ல? அந்த மணிக்கு நீ உங்க தோட்டத்துல ஒரு சங்கீதம் படி. அதையே நான் எங்க தோட்டத்துல படிக்கிறேன். முடிச்சதும் 'இருக்கேன் ஆண்டவரே'ன்னு பேர் குடுத்துடணும்." அந்த லீவு முழுக்க அப்படியே செய்தேன். ரப்பர் மரங்களுக்கு அப்பால் அவனும் இதே வரியில் இருக்கிறான் என்ற ஒரே நினைப்புதான் என்னை எழுப்பியது.

பள்ளிக்கூடம் திறந்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. ஆட்களைச் சீக்கிரம் மரத்துக்கு அனுப்ப எங்கள் துரை தோட்டத்துக் கடிகாரத்தை அரை மணி முன்னால் தள்ளி வைத்திருந்தார். நாங்கள் ஒரு நாள்கூட ஒன்றாகப் படிக்கவில்லை! எனக்கு ஏமாந்த கோபம். மாசிலா விழுந்து விழுந்து சிரித்தான். "நான் வாய் கொப்பளிக்கிறதுக்குள்ள நீ ஆமென் சொல்லிட்டியேடா! விடு, இதுவும் நல்லதுதான். நீ முடிக்கிற, நான் தொடங்குறேன். ஆள் மாத்திக் காவல் நிக்கிற மாதிரி."

நான் படிப்பை விட்டு காஜா பேராங் கடைத்தெருவில் மூட்டை தூக்கி, பிறகு கடை போட்டேன். அவன் வாத்தியாராகி, விடுதிப் பிள்ளைகளுக்கும் அதே வழக்கத்தைச் சொல்லிக் கொடுத்தான். லீவில் யார் எந்தத் தோட்டத்தில் இருந்தாலும் சைக்கிளில் போய்ப் பார்த்துவிடுவான். கம்யூனிஸ்டுகளோடு சண்டை நடந்த அவசர காலத்தில் தோட்டத்து கேட்டில் ராணுவத்தார் அவன் பையைக் கவிழ்ப்பார்கள். பிள்ளைகளுக்கு என்று நான் கொடுத்த பிஸ்கட் அங்கேயே போய்விடும். காட்டில் இருப்பவர்களுக்குத் தீனி கொண்டு போகிறானோ என்ற சந்தேகம். "உன் பிஸ்கட்டைப் புடுங்கிட்டாங்க மொதலாளி. பைபிளைத் திருப்பிக் குடுத்துட்டாங்க. அது திங்கிற சாமான் இல்லையாம்" என்று வந்து சொல்வான்.

தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்கு வீட்டார் கூப்பிடுகிறார்கள், என்ன செய்வது என்று கலங்கிய விடுதிப் பையனிடம் அவன் சொன்னது: "பந்தல் கட்டக் கூப்பிட்டா போய்க் கட்டு. அவங்க உன் சொந்தக்காரங்க. கும்பிடறது மட்டும் நீ யாரைக் கும்பிடணுமோ அவரைக் கும்பிடு. அம்மா மனசை ஒடச்சிட்டு வந்து எங்கிட்ட சங்கீதம் ஒப்பிக்காதே."

இத்தனைக்கும் பலன் என்ன? கடைக்காரன் பேச்சாகவே சொல்கிறேன், பெரிதாக ஒன்றுமில்லை. லீவு முடிந்து வந்த பிள்ளைகளில் பலர் ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. "கடையை ரெண்டு மாசம் பூட்டினா வாடிக்கை போயிடும்டா" என்று அவனிடம் சொன்னேன். "அதுக்குத்தானே கடையைச் சைக்கிள்ல கட்டிக்கிட்டு அலையறேன்" என்றான். கடைசியாக ஆஸ்பத்திரியில் பார்த்தபோது சிரிப்பு இல்லை. "பாதிப் பேரு திரும்பல. நான் போகாத தோட்டம்தான் கண்ணுக்குள்ளயே நிக்குது" என்றான். ஆறுதலாக ஏதாவது சொல்லியிருக்கலாம்.

அடக்கம் முடிந்ததும் விடுதிப் பெண் ஒருத்தி என்னிடம் வந்தாள். லீவுக்கு ஊருக்குப் போகப் பெட்டி கட்டியாகிவிட்டது என்றாள். "வாத்தியாரு முழிச்சிருப்பாருன்னுதான்யா நான் மணிக்கு எந்திரிப்பேன். இப்ப யாரு முழிச்சிருப்பா?" நான் இருக்கிறேன் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அவன் இடத்தில் நிற்க என்னால் முடியாது. முடியாததை முடியும் என்று சொல்லி நான் சாமான் விற்றதில்லை. "தெரியலம்மா" என்றேன். அவள் தலையாட்டிவிட்டுப் போய்விட்டாள்.

லீவு தொடங்கிவிட்டது. காஜா பேராங்கில் பெரட்டு மணி இல்லை. ஆனாலும் பழைய நேரத்துக்கு விழிப்பு வந்துவிடுகிறது. கடைப் பலகையைத் திறக்குமுன் என் சங்கீதத்தைப் படித்து, என் பேரைக் கொடுக்கிறேன். பிறகு அவன் முறை. அதையும் நானே எடுத்துக்கொள்ளலாம் என்று பார்த்தேன். மனம் வரவில்லை. அவனிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்த அரை மணி நேரம்தான். விளக்கை அணைக்காமல் உட்கார்ந்திருக்கிறேன். அரை மணி கழிந்து அவன் படிக்கும் நேரம் வருகிறது. யாரும் பேர் கொடுப்பதில்லை.