என் சீட்டு அவர் கையில்

தாராவியில் எங்கள் சந்தில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஜெபக்கூட்டம் நடக்கும். வருஷத்தின் முதல் கூட்டத்தில் ஆளுக்கு ஒரு வேண்டுதலைப் பெயர் போடாமல் எழுதி பிஸ்கட் டப்பாவில் போடுவோம். குலுக்கி ஆளுக்கு ஒன்று எடுக்க வேண்டும். கையில் வந்த சீட்டுக்காகத் தினமும் முழங்கால் போட்டு ஜெபிக்க வேண்டும். எழுதினவர் எழுந்து, கேட்டது கிடைத்தது என்று சாட்சி சொல்லும்வரை நிறுத்தக் கூடாது.

இரண்டு வருஷத்துக்கு முன் நான் எழுதியது இது: எனக்கு அநியாயம் செய்தவன் தன் வாயால் இந்தக் கூட்டத்தில் அதைச் சொல்லும்வரை அவனுக்கு உறக்கம் வரக் கூடாது. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். என் எழுத்தைப் பார்த்தவர் யாரும் இல்லை.

அதைச் செய்தவர் நான் வேலை செய்த தோல்பைப் பட்டறையில் சூப்பர்வைசர். இந்தக் கூட்டத்திலும் மூத்தவர். ஒரு கட்டுத் தோல் காணாமல் போனபோது, நான் தூக்கிப் போனதைக் கண்ணால் பார்த்ததாக முதலாளியிடம் சொன்னார். நாலு பேர் முன்னால் எனக்கு வாய் வராது. பேசாமல் நின்றதையே ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொண்டார்கள். வேலை போனது. குழாயடியில் என் மனைவி காதுபட 'சோர்', திருடன், என்றார்கள். ஒரு மாதம் கழித்து அந்தத் தோலை வேறொரு பட்டறையில் பார்த்தேன். ஓரத்தில் நான் போட்ட பேனா அடையாளம் இருந்தது. கொண்டுவந்து கொடுத்தது அவர்தான் என்று அங்கிருந்த ஆள் சொன்னான். அதையும் யாரிடமும் சொல்ல வாய் வரவில்லை. எழுதத்தான் முடிந்தது.

அந்தச் சீட்டை டப்பாவிலிருந்து எடுத்தவர் அவரே. படித்துவிட்டு, யாரோ பாவம் என்று தலையாட்டினார். பிறகு கையை உயர்த்தி உரத்த குரலில் ஜெபித்தார்.

"ஆண்டவரே, அந்தப் பாவிய ஒறங்க விடாதேயும்."

என் வாழ்நாளில் அவ்வளவு சத்தமாக நான் ஆமென் சொன்னதில்லை.

நியாயாதிபதியை விடாமல் நச்சரித்த பைபிள் விதவையைப் பற்றிச் சபைப் போதகர் ஐயர் பிரசங்கம் செய்யும்போது, சோர்ந்துபோகாமல் ஜெபிக்க வேண்டும் என்பார். அவள் கேட்டது தன் எதிராளிமேல் நியாயம் என்பதை யாரும் நினைப்பதில்லை. நான் நினைப்பேன். மன்னிக்கச் சொல்லியிருப்பதும் எனக்குத் தெரியும். அந்த ஜெபத்தை ஆரம்பித்தால் இரண்டாவது வார்த்தையில் குழாயடி ஞாபகம் வரும்.

போன மாதம் சயான் பஸ் ஸ்டாப்பில் அவர் என் பக்கத்தில் வந்து நின்றார். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

"தம்பி, அந்தச் சீட்டு ஒன்னோடதுதானடே?"

நான் பஸ் வருகிறதா என்று பார்த்தேன்.

"சரியா ஒறங்கி எத்தன மாசமாச்சு தெரியுமா. கெடச்சிட்டுன்னு எந்திச்சு ஒரு வார்த்த சொல்லிரு. நான் விட்டுருதேன்."

"கெடைக்கணும்லா, அண்ணாச்சி. விடாம ஜெபம் பண்ணுங்க."

அந்த வெள்ளிக்கிழமை அவர் சீட்டை விரித்தார். பாதி ஜெபத்தில் குரல் நின்றுவிட்டது. நான் ஆமென் சொல்லிவிட்டு, எழுந்து நிற்பாரா என்று பார்த்தேன். சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

நானும் விடவில்லை. இப்போதெல்லாம் அவருக்கு நேர் பின்னால்தான் முழங்கால் போடுகிறேன்.